ஆஃப்கேயின் மெஷினில் மணி மூன்றரை

எங்கள் கணினி மன்றத்தில் காபி போடுகிற ரிக்ஸ்ட், பிஸ்கட் டின்னை மூடுகிற சத்தம் கேட்டால் கால்வாயில் நீந்தும் வாத்துகூடத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காபியோடு ஆளுக்கு ஒரு பிஸ்கட். எடுத்தாயிற்றா, டப். அதற்குப் பிறகு அந்த டின் திறக்க வேண்டுமென்றால் ராணுவம்தான் வர வேண்டும். நான் காலமெல்லாம் தூக்குப்பாலம் திறந்து மூடிய ஆள். வீடு அளவுள்ள இரும்பை ஒற்றை விரலால் வானத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். அந்த டின்னின் மூடியை மட்டும் இன்றுவரை அசைக்க முடிந்ததில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் கூடுவோம். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். 'இனிமேல் இதை எங்களிடம் கொண்டுவராதே' என்று கம்பெனிகள் கைகழுவிய கணினிகளைச் சுமந்துகொண்டு வருவோம். அதிலிருக்கும் கம்பெனியின் சிஸ்டத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்து யார் யாரோ இலவசமாக எழுதித் தருகிற வேறு சிஸ்டத்தை ஏற்றுவோம். அந்த இலவசக்காரர்களே 'இந்த மாடல் எங்களுக்கும் வேண்டாம்' என்று சொல்லிவிட்ட மெஷின் கிடைத்தால் எங்களுக்குத் திருவிழா. இந்த விஷயத்தில் என் சாதனைகள் ஏராளம். மன்றத்து வோபேயின் கேரவன் வண்டியில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பில்கூட ஒரு தடவை ஏற்றிக் கொடுத்தேன். இன்றைக்கும் அது சூப்பைச் சூடாக்குவதற்கு முன்னால் பாஸ்வேர்டு கேட்கிறது.

ஆனால் உண்மையான கைக்காரன் நான் இல்லை, கெர்பென்.

கெர்பென் விரல் வைத்தால் செத்த மெஷின் எழுந்து உட்காரும். அதுவும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் செய்வான். முன்பெல்லாம் அப்படி இல்லை; ஒரு மெஷின் எழுந்துவிட்டால் மேஜையைச் சுற்றி ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் உட்காருவான். அவன் மனைவி ஆஃப்கே இறந்துபோன பிறகு ஆறு வருஷமாக ஆட்டம் இல்லை. அழுகையும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருந்தான். காபி கொடுத்தால் குடிப்பான். கேட்டால் பதில் சொல்வான். கோட்டை மட்டும் கழற்ற மாட்டான். கூடத்தில் ஹீட்டர் சுட்டுப் பொசுக்கும். நாங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவன் கழுத்துவரை பொத்தான் போட்ட கனத்த கோட்டோடு, யாரோ கூப்பிட்டதும் கிளம்பப் போகிறவனைப் போல நாற்காலி நுனியில் இருப்பான். ஆறு வருஷம் அப்படி இருந்தான். கொஞ்ச நாளில் எங்களுக்கும் மரத்துப் போய்விட்டது. கோட்டு அவன் உடம்பில் முளைத்தது என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை காலை அவன் கையில் ஒரு வெள்ளை லேப்டாப்போடு வந்தான். மூடியில் ஓர் ஓரமாகப் பறவை ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. ஆஃப்கேயுடையது.

"மக அலமாரிய ஒழிக்கச் சொன்னா. இது அங்க கெடந்துச்சு," என்றான்.

"அதுல போட்டோ கீட்டோ இருக்குமேப்பா," என்றாள் ரிக்ஸ்ட்.

"எல்லாத்தையும் மக அப்பவே எடுத்துக்கிட்டா. இதுல ஒண்ணுமில்ல. சும்மா ஓடினாப் போதும்."

நாங்கள் மெஷினைத் திருப்பிப் பார்த்தோம். பேட்டரி ஊதிப்போய் எப்போதோ பிடுங்கப்பட்டிருந்தது. சுவரில் சொருகினால்தான் உயிர். உள்ளே நேரத்தை நினைவு வைத்துக்கொள்கிற பொத்தான் பேட்டரியும் காலி. ஒயரைப் பிடுங்கினால் பழைய யுகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பெனி கைவிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இலவச சிஸ்டத்தின் புதுப் பதிப்பும் இந்த ஜாதிச் சிப்பை ஏற்காது. ஏற்றுக்கொள்ளும் கடைசிப் பதிப்பு ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு சிக்கல்.

அந்தப் பதிப்பை உருவாக்கியவர்கள் அதன்மேல் ஒரு முத்திரை வைத்திருந்தார்கள், இது எங்கள் கையால் வந்த சரக்குதான் என்பதற்கு. பால் பாக்கெட்டைப் போல அந்த முத்திரைக்கும் காலாவதி உண்டு. அது காலாவதியாகிப் பல வருஷம். மெஷின் இன்றைய தேதியைப் பார்க்கும், முத்திரையைப் பார்க்கும், மாட்டேன் என்று சொல்லிவிடும். எங்களைப் போன்றவர்கள் இதற்குச் செய்கிற வேலை ரொம்பச் சுலபம்: மெஷினின் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருகிவிட வேண்டியது. முத்திரை செல்லுபடியாக இருந்த காலத்தில் ஏதாவது ஒரு நாள். மெஷின் நம்பிவிடும். மனுஷர்களைவிட நல்ல ஜாதி.

இதை வைத்து எங்கள் மன்றத்தில் ஒரு விளையாட்டே உண்டு. தேதியைச் சொல்ல வேண்டியது மெஷினின் சொந்தக்காரர். சொன்னதும் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும். ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் வாயில் வந்ததைச் சொல்வோம். இந்த விளையாட்டின் வழியாக நான் மூன்று தடவை உறைந்த ஏரியிலிருந்து ஒரு பசுவைக் காப்பாற்றியிருக்கிறேன். மூன்றாவது தடவை பசு கன்று ஈன்றிருந்தது.

"தேதியச் சொல்லுய்யா கெர்பென்," என்றேன். வழக்கமாகச் சொல்கிற மாதிரிதான்.

கெர்பென் சொல்லவில்லை. தானே தட்டினான். மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. அதோடு விடவில்லை. நாங்கள் யாரும் மணியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவன் மணியையும் வைத்தான். மதியம் இரண்டே கால். சுவர்க் கடிகாரத்தில் அப்போது காலை பதினொன்றுகூட ஆகவில்லை.

வோபே எங்களோடு சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. முந்தி டைல்ஸ் ஒட்டுகிற வேலை, இப்போது கேரவன் பைத்தியம். அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அன்னைக்கா, அன்னைக்கு எங்க வீட்டுக் குளியலறையில மொதல குட்டி போட்டிருந்துச்சு. நான்தான் பிரசவம் பாத்தேன். நீ என்ன பண்ணிட்டிருந்தே, கெர்பென்?"

"இங்கதான் இருந்தேன்," என்றான் கெர்பென். "இதே நாற்காலி."

ரிக்ஸ்ட் என்னைப் பார்த்தாள். நான் திரையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கும் மன்றம் கூடிய நாள். யாருடைய மெஷினையோ ஏற்றிக்கொண்டிருந்தோம், கடைசிக் கட்டம். மூன்றரை மணிக்குக் கூடத்துத் தொலைபேசி அடித்தது. கெர்பென் பக்கத்து வீட்டம்மா. ஆஃப்கேக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது, அவரை வரச் சொல்லுங்கள் என்றாள். ரிக்ஸ்ட் வந்து சொன்னாள். கெர்பென் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ரீஸ்டார்ட் ஆனதும் வர்றேன்னு சொல்லு," என்றான். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். யாரும் அவனை எழுப்பி அனுப்பவில்லை. எல்லாரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ரீஸ்டார்ட் சரியாக வரவில்லை. இன்னொன்று செய்தான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போனான். நாலு மணி வாக்கில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் விளக்கை அணைத்துவிட்டு நின்றிருந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். கெர்பென் தலையாட்டினானாம்.

வோபேக்கு இதெல்லாம் தெரியாது. மேஜையில் பேச்சு நின்றதும் தன் முதலைக் கதை எடுபடவில்லை என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தான். ரிக்ஸ்ட் அவனை அடுப்படிப் பக்கம் கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோது அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

மெஷின் தேதியை நம்பிவிட்டது. முத்திரையை ஏற்றுக்கொண்டது. திரையின் அடியில் நீலப் பட்டை ஒன்று எறும்பு போல ஊர ஆரம்பித்தது; முடிய ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். மேல் மூலையில் சின்னதாகக் கடிகாரம். கெர்பென் பட்டையைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தான்.

பதினொன்றரை மணி வாக்கில் ரிக்ஸ்ட் பட்டாணி சூப் கொண்டுவந்தாள். நல்ல பட்டாணி சூப்பில் கரண்டியை நட்டால் நிற்க வேண்டும் என்பார்கள். ரிக்ஸ்டின் சூப்பில் நட்ட கரண்டி துளிர்விடும். அன்றைக்கு நான் இதைச் சொல்லியும் யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. வாயில் சூப் இருந்தது. சூடா, உப்பா என்று தெரியவில்லை. எல்லாரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்துக் குடித்தோம்.

மெஷினில் மணி மூன்றைத் தாண்டியதும் கெர்பென் எழுந்தான்.

"நான் வீட்டுக்குப் போறேன்."

"போயேன்," என்றாள் ரிக்ஸ்ட். "நாங்க இத முடிச்சுக் கொண்டாந்து குடுக்கறோம்."

"இதையும் எடுத்துட்டுப் போறேன்."

"ஓடிக்கிட்டிருக்கேப்பா. நிறுத்திட்டு வீட்டுல போய் முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்க."

"நிறுத்தினா மணி போயிடும்."

"மறுபடி வெச்சுக்கலாமே."

"மறுபடியா?" என்றான் கெர்பென். கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து இன்னொன்று இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டான்.

சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் எங்கள் மன்றத்து யு.பி.எஸ். இருந்தது. ரிக்ஸ்டின் சூப் அடுப்பு அடிக்கடி ஃப்யூஸை எரிப்பதால் வாங்கிவைத்தது. சவப்பெட்டியின் பாதி கனம். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும். தாங்குகிற நேரமெல்லாம் கீ கீ என்று கத்தும். அதனால் அதற்குக் குழந்தை என்று பெயர். நான் குழந்தையைப் பார்த்தேன். வோபே என்னைப் பார்த்தான். சிவந்த காதோடு எழுந்து நின்றான்.

"வெளிய என் பொட்டி சைக்கிள் நிக்குது," என்றான்.

முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த சைக்கிள் அது. பேரப்பிள்ளைகளை ஏற்றுவதற்கென்று வாங்கி, கேரவன் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். கூடத்து மெத்தைகளையெல்லாம் பெட்டிக்குள் போட்டோம். குழந்தையை நானும் வோபேயும் தூக்கினோம். சுவரிலிருந்து பிடுங்கியதும் அது கத்த ஆரம்பித்தது. ஊரே அதிர்ந்தது என்று நான் சொன்னால் மிகையென்பீர்கள். அடுத்த ஊரிலிருந்து ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கெர்பென் பெட்டிக்குள் ஏறி, மெஷினை மடியில் வைத்து, கோட்டின் இரு பக்கத்தையும் அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். திரை அவன் முகத்தில் நீலமாக அடித்தது. முகத்தில் வேறெதுவும் இல்லை.

ரிக்ஸ்ட் கடைசி நேரத்தில் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"தெரியல," என்றாள். "வெச்சுக்கங்க."

எங்கள் பக்கத்தில் எதிர்க்காற்று என்பது வீட்டுக்குப் போகிற திசைக்கு மட்டும் வீசுவது. வோபே மிதித்தான். மோட்டார் இருந்தும் முனகினான். நான் பின்னால் என் சைக்கிளில் வந்தேன். எங்களை ஒரு நடைப்பயிற்சிக்காரி, அவளுடைய நாய், அப்புறம் ஒரு நத்தை தாண்டிப் போயிற்று.

"கெர்பென், மணி என்ன?" என்று வோபே கேட்டான்.

"மூணே கால் ஆகப் போகுது."

"பாலம் தாண்டினா உன் வீடுதான்யா. ஆயிடும்."

பாலத்துக்கு நூறு கஜம் இருக்கும்போது மணி அடித்தது, சிவப்பு விளக்கு சுழன்றது, கட்டை இறங்கியது, என்னுடைய பாலம், நான் வாழ்நாளெல்லாம் தூக்கி இறக்கிய பாலம், மெதுவாகத் தன் பாதியை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது. மணல் ஏற்றிய படகு ஒன்று, தெரு நீளத்துக்கு, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

இப்போதெல்லாம் பாலத்தில் ஆள் கிடையாது. எங்கோ இருக்கிற அலுவலகத்தில் யில்டௌ என்ற பெண் திரையைப் பார்த்துப் பத்துப் பாலங்களை இயக்குகிறாள். கம்பத்தில் ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி, பொத்தான் ஒன்று. அந்தப் பொத்தானை இந்த ஊரில் என்னைவிட அதிகம் அமுக்கியவர் இல்லை.

"ஹோட்ஸே, நீங்களா?" என்றது ஒலிபெருக்கி. "இந்த வாரத்துப் புகார நேத்தே குடுத்துட்டீங்களே."

"யில்டௌ, பாலத்த இறக்கு."

"படகு பாதி உள்ள வந்திருச்சு. இப்ப இறக்கினா படகு மேலதான் இறங்கும்."

"மெதுவா இறக்கு."

"சும்மா இருங்க. அங்க என்ன கத்துது? கொழந்தையா?"

"யு.பி.எஸ்."

குழந்தையின் கீ கீ நெருக்கமாகிக்கொண்டே வந்தது. பேட்டரி தீரப் போகிறது என்று அர்த்தம். வோபே அதன் தலையைத் தட்டிக் கொடுத்தான். படகின் முனைதான் தெரிந்தது, முடிவு தெரியவில்லை. கெர்பென் மூலையில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல," என்றான். இன்னொரு காபி இல்லை என்றால் சொல்வது போல.

பாலத்தை ஒட்டி என் பழைய அறை. ஒற்றைக் கதவு, ஒற்றை ஜன்னல். பூட்டிக் கிடந்தது. நான் பேன்ட் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துத் திறந்தேன்.

"ஹோட்ஸே." ஒலிபெருக்கியில் குரல் மாறியது. "அந்த அறை பூட்டியிருக்கணும்."

"பூட்டித்தான் இருந்துச்சு."

"சாவிய ஒப்படைச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஒரு சாவிய ஒப்படைச்சேன். எத்தன இருக்குன்னு யாரும் கேக்கலயே."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு, "பெட்டிக்குள்ள உக்காந்திருக்கறது கெர்பெனா?" என்றாள்.

"ஆமா."

அதற்குப் பிறகு அவள் சாவியைப் பற்றிப் பேசவில்லை. "படகோட வால் தாண்டினதும் இறக்கிடறேன். கரண்ட் உள்ள இருக்கு, எடது பக்கம், ஜன்னலுக்குக் கீழ," என்றாள். எனக்கே சொல்லித் தருகிறாள்.

குழந்தையை இழுத்துக்கொண்டு போய்ச் சொருகினோம். கத்தல் நின்றது. காது விண்ணென்றது. மெஷினைச் சுமந்துகொண்டு அதன் பின்னாலேயே கெர்பென் உள்ளே வந்து நின்றான். மூன்று பேர் நின்றால் மூச்சுவிட இடமில்லாத அறை. நாங்கள் விடவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மணல், மணல், மணல் என்று படகு போய்க்கொண்டே இருந்தது.

"அன்னைக்குப் பாலம் கீழதான் இருந்துச்சு," என்றான் கெர்பென்.

நான் சட்டைக் கையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன்.

படகின் கடைசிக் கொடி ஜன்னலைத் தாண்டியதும் பாலம் இறங்கத் தொடங்கியது. யில்டௌ விதிமுறையில் உள்ள நிதானத்தையெல்லாம் விட்டுவிட்டு இறக்கினாள்; இரும்பு இரும்பின்மேல் உட்கார்ந்த சத்தத்தில் வாத்துகள் பறந்தன. குழந்தையைப் பிடுங்கி, கெர்பெனோடு மறுபடி பெட்டிக்குள் ஏற்றினோம். கட்டை முழுதாக ஏறுவதற்குள் வோபே குனிந்து கீழே புகுந்து போய்விட்டான்.

கெர்பென் வீட்டுக்குள் நாங்கள் சமையலறைக் கதவு வழியாக நுழைந்தபோது மெஷினில் மூன்றரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. வோபே குழந்தையை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சொருகிவிட்டு, வண்டி வழியில் நிற்கிறது என்று முணுமுணுத்து வெளியே போய்விட்டான். வண்டி யார் வழியிலும் நிற்கவில்லை.

கெர்பென் மெஷினை மேஜையில் வைத்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோட்டோடுதான். நான் எதிரில் உட்கார்ந்தேன். சமையலறை சுத்தமாக இருந்தது. துடைத்த கிண்ணம் ஒன்று, கரண்டி ஒன்று. ஜன்னலில் மண்தொட்டி, அதில் மண் மட்டும்.

நீலப் பட்டை முடிவுக்கு வந்தது. நடுத் திரையில் ஒரு கேள்வி எழுந்தது: ஏற்றி முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யலாமா? கீழே ஒரு பொத்தான்.

மூலையில் மணி மூன்றரை.

கெர்பென் பொத்தானைத் தொடவில்லை. கையிரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். எனக்கு விரல் அரித்தது. எங்கள் ஜாதிக்கு இப்படிப்பட்ட கேள்வி திரையில் நின்றால் உடம்பு தாங்காது; சவ ஊர்வலத்தில்கூட எட்டிப்பார்த்து அமுக்கிவிட்டு வருவோம். நான் என் கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை. குளிர்பெட்டி உறுமியது, நின்றது. காற்று ஜன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், ஏதாவது வருமென்று. ஒன்றும் வரவில்லை. என் நெஞ்சுக்குள்ளும் தேடிப் பார்த்தேன். அங்கும் கூடத்து நாற்காலிகளை அடுக்கி முடித்த பிறகு இருக்கும் வெறுமைதான்.

"அவ எங்க விழுந்தா தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"நீ உக்காந்திருக்கற எடம்."

எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். அவன் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"காபி போடறேன்," என்றான். போட்டான். இரண்டு கோப்பை. வோபே சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்து வாசற்படியில் விட்டுப் போயிருந்த டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, திறந்தான். ஒன்று எடுத்துக்கொண்டான். எனக்கு ஒன்று தள்ளினான். மூடவில்லை. மூடி அடுப்பு மேடையிலேயே கிடந்தது.

மெஷின் கேள்வி கேட்டபடியே காத்திருந்தது. மூன்றே முக்கால் ஆயிற்று. அதைத் தாண்டியது. காபி ஆறியது. ரிக்ஸ்டின் பிஸ்கட், அத்தனை வருஷம் ஏங்க வைத்த பொருள், சாக்பீஸ் மாதிரி இருந்தது.

மணி நாலைத் தொட்டபோது கெர்பென் திரையைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான்.

"இப்பதான் நான் வந்தேன்," என்றான்.

எழுந்தான். கோட்டின் பொத்தான்களை மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசிப் பொத்தான் வர மறுத்தது; இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். கதவுக்குப் பின்னால் கொக்கி இருந்தது. மாட்டினான். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தான். முழங்கையில் யாரோ தைத்த ஒட்டு. அப்படி ஒன்று அவனிடம் இருப்பதே ஆறு வருஷத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் சின்ன ஆளாகத் தெரிந்தான்.

"ஏதாச்சும் தோணுதாய்யா?" என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்தான். மெஷினில் கோளாறு தேடுகிற அதே முகம்.

"இல்ல," என்றான். "சூடா இருக்கு."

மறுபடி வந்து உட்கார்ந்தான். மெஷினை என் பக்கம் திருப்பினான்.

"அந்த ரீஸ்டார்ட்ட நீ அமுக்கிடு, ஹோட்ஸே. நான் இங்க இருக்கேன்."

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தேன். மரத்துப் போயிருந்தது, யாருடைய கையோ போல இருந்தது. அதை வைத்தே அமுக்கினேன். திரை கறுத்தது. கறுப்பிலேயே ரொம்ப நேரம் இருந்தது, வெள்ளைப் புள்ளி ஒன்று நடுவில் துடித்துக்கொண்டு. கெர்பென் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த மண்தொட்டியை எடுத்துக் குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். நான் டின்னுக்குள் கைவிட்டு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.